ஏரிக்கரையில் ஒரு வரலாற்று வகுப்பு: சமூகக் களப்பயணம் என்றால் என்ன?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவதெல்லாம் களப்பயணம் ஆகிவிடாது. ஆண்டுக்கு ஒருமுறை பஸ் பிடித்து மாமல்லபுரம் போய், கடலில் கால் நனைத்து, புளியோதரைப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே இரவில் ஊர் திரும்புவது சுற்றுலா. அது பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும். அந்த மகிழ்ச்சிக்கு வேறு நியாயம் எதுவும் தேவையில்லை. சமூகக் களப்பயணம் வேறு வகை. பள்ளியைச் சுற்றி வாழ்கிற மக்களிடம், அவர்கள் வேலை செய்கிற இடத்துக்கே போய், அவர்களிடமிருந்து பாடம் கேட்பதற்குத்தான் அந்தப் பெயர். தொலைவு முக்கியமில்லை. பள்ளியின் பின்பக்கச் சுவரை ஒட்டிய வயலாக இருந்தாலும் போதும்.

நான் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த ஆண்டில் 16 வாரம் ஒரு பள்ளியில் தங்கிக் கற்பிக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் வட்டாரத்திலுள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. பாடம் சமூக அறிவியல், வகுப்பு ஏழாவது. களப்பயணம் பற்றிக் கல்லூரியில் வரையறை படித்திருந்தேன், நன்மைகள் தீமைகள் என்று பட்டியல் போட்டுத் தேர்வும் எழுதியிருந்தேன். அது உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு விளங்கியது ஓர் ஏரிக்கரையில்தான். என்னைப் போலவே பயிற்சிக்குப் போகிறவர்களுக்காக, எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன்.

எல்லாம் ஒரு சிறு வினாவிலிருந்து தொடங்கியது. பிற்காலச் சோழர் பாடத்தில் ஊராட்சி பற்றிய பகுதி வருகிறது. சோழர் காலத்தில் ஊர்ப் பணிகளைக் கவனிக்க வாரியங்கள் என்ற குழுக்கள் இருந்தன. அவற்றில் ஒன்று ஏரி வாரியம். அதன் பணி என்ன என்று கேட்டேன். ஏரிகளைப் பராமரிப்பது என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. பராமரிப்பது என்றால் என்னென்ன செய்வார்கள் என்று அடுத்த கேள்வியைப் போட்டதும் அமைதி. முன்வரிசையில் ஒருவன் மட்டும் "சுத்தம் செய்வார்கள்" என்றான். பள்ளியிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஏரி. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தக் கரையின் மேல் நடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். அவர்கள் காலடியில் இருக்கிற ஏரியும் புத்தகத்தில் இருக்கிற ஏரியும் ஒன்றோடொன்று சந்திக்கவே இல்லை.

இந்த இடைவெளி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு தன் வழிகாட்டும் கொள்கைகளில் முதலாவதாக வைத்ததே, பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைக்க வேண்டும் என்பதைத்தான். ஆனால் இணைப்பதற்கு வெளியே கூட்டிப் போனால் மட்டும் போதுமா? போதாது என்று அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1938ஆம் ஆண்டிலேயே தெளிவாக எழுதிவைத்திருக்கிறார். அனுபவம் எல்லாமே கல்வி ஆகிவிடாது, சில அனுபவங்கள் மேற்கொண்டு கற்கும் வழியை அடைத்துவிடவும் கூடும் என்பது அவர் கருத்து. வெயிலில் வரிசையாக நடத்தி, எதையோ காட்டி, திரும்பி வந்ததும் "நான் கண்ட ஏரி" என்று ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொன்னால், ஏரி என்றாலே சலிப்பு என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

அப்படியானால் எது ஓர் அனுபவத்தைக் கல்வியாக்குகிறது? என் பதில் சுருக்கமானது. பிள்ளைகள் ஒரு கேள்வியோடு போக வேண்டும். அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் விடை இருக்கக் கூடாது. அந்த இடத்தில் வேலை செய்கிற மனிதரிடம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அரை மணி நேர நடையும் களப்பயணம்தான்.

கேள்வியை ஆசிரியர் எழுதிக் கொடுப்பது உதவாது. அது பிள்ளைகளிடமே கிளம்ப வேண்டும், அதற்கு முன்வேலை வேண்டும். நாங்கள் முதலில் மழையை அளந்தோம். பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் சுண்ணக்கட்டியால் வரைந்து, அதற்குள் ஒரு லிட்டர் தண்ணீரைப் பரப்பினால் எவ்வளவு உயரம் நிற்கும் என்று கணக்குப் போட்டோம். ஒரு மில்லிமீட்டர்! செய்தியில் 10 மில்லிமீட்டர் மழை என்று சொன்னால், ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று பொருள். கரும்பலகையில் அந்தச் சுழியங்களைப் பார்த்ததும் வகுப்பில் சலசலப்பு எழுந்தது. இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது? எல்லாம் நம் ஏரிக்குத்தான் வருகிறதா? ஏரி நிறைந்த பிறகும் மழை பெய்தால்? தண்ணீர் குறைவாக இருந்தால் யார் வயலுக்கு முதலில்? அதை யார் முடிவு செய்கிறார்கள்? இப்படி வந்த கேள்விகளையெல்லாம் அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சோழர் காலத்து ஏரி வாரியத்துக்குள் நுழையும் வாசல் அது.

அடுத்து, விடை தெரிந்தவரைக் கண்டுபிடிக்க வேண்டும். பல ஊர்களில் ஏரித் தண்ணீரைத் திறந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரித்துவிட ஒருவர் இருக்கிறார். நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி, கம்புக்கட்டி என்று இடத்துக்கு ஏற்பப் பெயர் மாறும். அறுவடையின்போது நெல்லாக அளந்து கொடுப்பதுதான் இந்த வேலைக்கு நெடுங்காலமாக இருந்துவந்த கூலி. எங்கள் ஊரில் அந்த வேலையை இப்போதும் ஒரு பெரியவர் செய்துவருகிறார். நான் தனியாகப் போய் அவரைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தான் சொல்ல என்ன இருக்கிறது என்று தயங்கினார். சுவரில் ஒட்டியிருந்த கேள்விகளைப் படித்துக் காட்டினேன். "இதெல்லாம் கேட்டார்களா?" என்றார். அதன்பின் அவர் தயங்கவில்லை.

இந்த முன்சந்திப்பைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கல்லூரிப் பாடத்தில் இது அரை வரிதான். நாம் பார்க்கப் போகிறவர் காட்சிப் பொருள் கிடையாது, அன்றைக்கு அவர்தான் ஆசிரியர். அவருக்கு வசதியான நேரத்தில் போக வேண்டும். நாள்கூலி வேலை உள்ளவராக இருந்தால் அவருடைய அரை நாளை இலவசமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு முன்கூட்டியே தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசி வழிசெய்ய வேண்டும். எதைப் பேச அவருக்கு விருப்பமில்லை என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் அவரை எப்படி அழைக்க வேண்டும் என்பதை வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பல ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்துவருபவை தலித் குடும்பங்கள். ஊரில் சிலர் அந்தப் பெரியவரை எப்படி அழைக்கிறார்கள் என்பது பிள்ளைகளின் காதில் விழுந்துதான் இருக்கும். எங்கள் வகுப்பில் அவர் 'ஐயா'.

ஒரு காலை நேரம், வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பினோம். பெற்றோரின் சம்மதக் கடிதம், தலைமை ஆசிரியரின் அனுமதி, முதலுதவிப் பெட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் என்று இரண்டு ஆசிரியர்கள், கூடவே வந்த சில தாய்மார்கள் ஆகிய இவையெல்லாம் எல்லாக் களப்பயணத்துக்கும் பொது. தண்ணீருள்ள இடமாக இருந்தால் பிள்ளைகள் எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பதை முதல் நாளே போய்ப் பார்த்துக் குறித்துவிட வேண்டும். வெளியே கழிப்பறை இருக்காது என்பதையும் பெண்பிள்ளைகளை நினைத்து முன்பே திட்டமிட வேண்டும். நேரம் குறுகியதாக இருப்பதே இதற்கு நல்ல தீர்வு. மதிய உணவுக்கு முன் நாங்கள் பள்ளிக்குத் திரும்பிவிட்டோம்.

கரையில் ஐயா பேசத் தொடங்கியதும் நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஏரி என்பது பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். அது கட்டப்பட்ட ஒன்று என்று அவர் கையை நீட்டிக் காட்டினார். மேட்டுப் பக்கம் கரை கிடையாது. நிலம் சரிகிற பக்கத்தில் மட்டும் வளைந்த கரை. மேட்டிலிருந்து தண்ணீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். வயலுக்குத் தண்ணீர் விடுவது மதகு. ஏரி நிறைந்தால் மிஞ்சிய தண்ணீர் வெளியேறுவது கலங்கல். கலங்கலின் மேல் வரிசையாக நட்டிருந்த கல்தூண்கள் எதற்கு என்று ஒரு பெண் கேட்டாள். மழைக்காலம் முடிகிற நேரத்தில் அந்தக் கற்களுக்கிடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கலாம். பெருமழை வரும் நாளில் அடைத்துவைத்தால் கரையே உடைந்துபோகும். எப்போது அடைப்பது, எப்போது திறப்பது என்று தெரிவதுதான் வேலை என்றார். 'பராமரித்தல்' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை முடிவுகள் இருக்கின்றன என்பது அங்கே தெரிந்தது.

கலங்கலில் வழிகிற தண்ணீர் வீணாய்ப் போகிறதா என்பது இன்னொருவனின் கேள்வி. வீணாவதில்லை, கீழே உள்ள அடுத்த ஊர் ஏரிக்குப் போகிறது. அதேபோல் நமக்கு மேலே உள்ள ஊரில் கலங்கல் போனால் நமக்குத் தண்ணீர் வரும் என்று அவர் சொன்னார். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன என்று நான் வகுப்பில் சொல்லியிருந்தேன். அவற்றில் பெரும்பாலானவை இப்படி ஒன்றுக்கொன்று சங்கிலியாகக் கோக்கப்பட்டவை என்பதை அந்த எண்ணிக்கை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்காது. மேல் ஊரில் வரத்துக்காலை அடைத்தால் கீழ் ஊர் காயும் என்பதை, அந்த வாய்க்காலின் ஓரத்தில் நின்றபடி அவர்களே சொன்னார்கள்.

அன்றைக்கு நான் எதிர்பாராத இன்னொரு ஆசிரியரும் கிடைத்தார், என் வகுப்பிலிருந்தே. வரத்துக்காலைத் தூர்வாருவது எப்படி என்று பேச்சு வந்தபோது ஒரு மாணவி விளக்கினாள். அவளுடைய அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஓர் ஆளுக்கு இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம், இவ்வளவு ஆழம் என்று அளந்து குறி வைத்துக் கொடுப்பார்கள், கடினமான மண்ணாக இருந்தால் ஆழம் குறையும், வெட்டிய மண்ணை எந்தப் பக்கம் கொட்டினால் மழையில் மறுபடி உள்ளே சரியாது என்று வரிசையாகச் சொன்னாள். கனஅளவு கணக்கில் அவள் வாங்கும் மதிப்பெண் எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை அவள் வீட்டில் தினமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரில், மெக்சிகோ வழிவந்த உழைக்கும் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்களே நேரில் போய்ப் பழகினார்கள். லூயிஸ் மோலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1992ஆம் ஆண்டில் அதைப் பற்றி எழுதினார்கள். பள்ளியில் பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகளின் வீடுகளில் உழவு, கட்டுமானம், கால்நடை வளர்ப்பு, வணிகம், கைமருத்துவம் என்று பெரும் அறிவுச் சேமிப்பு இருப்பதை அந்த ஆசிரியர்கள் கண்டார்கள். அந்தச் சேமிப்பைப் பள்ளி பயன்படுத்துவதே இல்லை என்பதுதான் அவர்கள் காட்டிய குறை. சமூகக் களப்பயணத்தின் மிகப் பெரிய பயன் இதுதான் என்று நான் நம்புகிறேன். ஊரைப் பற்றிப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது ஒருபுறம் இருக்க, பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர் தெரிந்துகொள்கிறார்.

பள்ளிக்குத் திரும்பிய பிறகு நடப்பதில்தான் பாதிக் கல்வி இருக்கிறது. கண்டதைப் பற்றிச் சிந்திப்பது, அதிலிருந்து பொதுக் கருத்தை உருவாக்குவது, அதைப் புதிய இடத்தில் பொருத்திப் பார்ப்பது என்று டேவிட் கோல்பின் அனுபவக் கற்றல் சுழற்சியைப் பி.எட். படிப்பவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். நாங்கள் செய்தது எளிமையானது. முற்றத்தில் கோலமாவால் ஏரியின் வரைபடத்தைப் பிள்ளைகள் போட்டார்கள். மதகு எந்தப் பக்கம், கடைமடை வயல் எங்கே என்று அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம். விடை தெரிந்த நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். வரைபடம் நான்கைந்து முறை அழிக்கப்பட்டுச் சரியானது.

அதன் பிறகே உத்திரமேரூர் போனோம். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தின் சுவரில் இருக்கிறது, புகழ்பெற்ற அந்தக் குடவோலைக் கல்வெட்டு. முதலாம் பராந்தகச் சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தது, அதாவது கி.பி. 919, 921. பொதுவாகப் பள்ளிகள் நேரே இங்கேதான் வரும். பிள்ளைகளுக்கு அந்த எழுத்தைப் படிக்க முடியாது. சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஏரி முதலில், கல்வெட்டு பிறகு என்ற வரிசையை நான் பிடிவாதமாக வைத்துக்கொண்டது அதனால்தான். ஊர் 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு போன்ற பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது, தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள், கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது என்று சொல்லச் சொல்ல, இந்த முறை கேள்விகள் பறந்து வந்தன. கலங்கலை அடைக்கலாமா என்று அந்த ஆறு பேரும் எப்படி முடிவு செய்திருப்பார்கள்? அவர்களுக்குள் கருத்து வேறுபட்டால்? உத்திரமேரூரின் பெரிய ஏரிக்கு வைரமேகத் தடாகம் என்ற பழைய பெயர் உண்டு என்றும், அதைத் தூர்வாரியது பற்றியும் அவ்வூர்க் கல்வெட்டுகள் பேசுகின்றன என்றும் சொன்னபோது, மண்ணை எந்தப் பக்கம் கொட்டியிருப்பார்கள் என்று கேட்டது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தகுதிகளின் பட்டியலுக்கு வந்தோம். வரி செலுத்தும் கால் வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலமாவது சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். பெண்களுக்கு இடமே இல்லை. உத்திரமேரூர் அக்காலத்தில் பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம் என்பதையும் சொன்னேன். "அப்படியென்றால் ஐயா பெயரை ஓலையில் எழுதியிருக்க மாட்டார்களா, டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். எழுதியிருக்க மாட்டார்கள் என்றேன். மதகைத் திறக்கத் தெரிந்தவருக்கு முடிவெடுக்கும் இடத்தில் இடமில்லை. நம் ஊர்ச் சபைகளின் தொன்மையைப் பெருமையாகச் சொல்கிற அதே வகுப்பில் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு. பிறகு இன்றைய நிலையைப் பார்த்தோம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள, 21 வயது நிறைந்த எவரும் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடலாம். நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம். பாதி இடங்கள் பெண்களுக்கு. ஆயிரம் ஆண்டுகளில் என்ன மாறியது என்பதை அந்தப் பிள்ளைகள் ஐயாவை மனத்தில் வைத்துப் புரிந்துகொண்டார்கள்.

கோலமாவு வரைபடத்தில் ஒரு சிக்கல் தீராமலே இருந்தது. வரத்துக்கால் ஓரிடத்தில் சீமைக்கருவேல முள்ளுக்குள் போய் மறைகிறது. அதற்கு அப்பால் அது எங்கே போகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அது யாருடைய பொறுப்பு என்று தேடினோம். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள ஏரிகளை நீர்வளத்துறை கவனிக்கிறது, சிறியவற்றை ஊராட்சி ஒன்றியம் கவனிக்கிறது என்பது தெரியவந்தது. எங்கள் ஏரி இரண்டாவது வகை. மார்ச் 22 உலக தண்ணீர் நாள். அன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடும். வாக்களிக்கும் வயது வராத பிள்ளைகளால் அங்கே தீர்மானம் கொண்டுவர முடியாது. அவர்கள் எழுதிய கேள்விகளை எடுத்துப் போய்ப் படிக்க, அன்று எங்களோடு கரைக்கு வந்த தாய்மார்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஏரி இல்லாத ஊரில் என்ன செய்வது என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள். அவளுக்குப் பயிற்சி நகரத்துப் பள்ளியில். அங்கே ரேஷன் கடை இருக்கிறது, அஞ்சலகம் இருக்கிறது, காய்கறிச் சந்தை இருக்கிறது. விடியற்காலையில் தக்காளி எந்த ஊரிலிருந்து வருகிறது, விலையை யார் வைக்கிறார்கள், மாலையில் மிஞ்சியது என்னவாகிறது என்ற மூன்று கேள்விகளுக்குள் புவியியலும் பொருளியலும் இருக்கின்றன. குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளரிடம் அறிவியல் பாடமே இருக்கிறது. முதல்முறை போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒரே இடம், ஒரே ஆள், நடந்து போகிற தூரம் என்று தொடங்குங்கள். இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டில் யார் யார் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

போய் வந்த பிறகு பாடம் சொன்னவருக்கு அந்தப் பாடத்தைத் திருப்பிக் காட்டவும் வேண்டும். எங்கள் பிள்ளைகள் வரைபடத்தைத் தாளில் எடுத்தெழுதி, ஐயாவைப் பள்ளிக்கு அழைத்துக் காட்டினார்கள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, இரண்டாவது மதகின் வாய்க்கால் கிளை பிரிகிற இடம் தவறு என்று திருத்திக் கொடுத்தார். திருத்தியதுதான் இப்போது சுவரில் இருக்கிறது.